பழைய டிராக்டரும் வற்றிப்போகும் மின்கலமும்

பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுன், 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தளமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய கட்டடங்கள் அக்கறையோடு பேணப்படுகின்றன. ஆனால், மரபு கட்டடங்களில் மட்டும் வாழ்வதில்லை. கடலின் மறுகரையில் உள்ள செபராங் பிறையில் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களும், பின்னர் ரப்பர், செம்பனைத் தோட்டங்களும் உருவாயின. அங்குப் பாடுபட்டவர்களுள் தமிழர் பலர். பிற்காலத்தில் தோட்டத்திலும் நெல் வயலிலும் மனிதர்க்குக் கைகொடுத்த டிராக்டர்களும் அந்த உழைப்பின் அடையாளங்களே. இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 1964ஆம் ஆண்டு தயாரிக்கத் தொடங்கப்பட்ட ‘மாசி பெர்குசன் 135’ போன்ற டிராக்டர்கள், முறையாகப் பேணினால் இன்றும் ஓடக்கூடியவை.

இத்தகைய டிராக்டர்களை வைத்திருப்போருக்கு அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. மாலையில் நன்றாக ஓடிய டிராக்டர், மறுநாள் காலையில் ‘டிக்’ என்ற ஒலியோடு நின்றுவிடும். மின்கலம் வற்றிப்போயிருக்கும். உழவுப் பருவத்தில் ஒரு நாள் வீணானாலும் நட்டமே. அவசரத்தில் சிலர் புதிய மின்கலத்தை வாங்கிப் பொருத்துவர். சில நாள்களில் அதுவும் வற்றிவிடும். நோய் எதுவென்று அறியாமல் மருந்து கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

மின்கலத்தை ஒரு தண்ணீர்த் தொட்டியாக எண்ணிப் பாருங்கள். தொட்டி காலியாவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். தொட்டியிலேயே ஓட்டை இருக்கலாம்; தொட்டிக்கு நீர் வந்து சேராமல் இருக்கலாம்; வீட்டுக் குழாய் எங்காவது ஒழுகலாம். மின்கலத்திற்கும் இம்மூன்று காரணங்களே உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்பதே அறிவார்ந்த வழி.

முதலில் மின்கலத்தைச் சோதிக்க வேண்டும். 12 வோல்ட் ஈய அமில மின்கலத்தில் ஆறு சிற்றறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். எனவே, முழுமையாக மின்னேற்றிச் சில மணி நேரம் ஓய்வில் வைத்த மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பின்னர், அதன் கம்பிகளைக் கழற்றி ஓரிரவு விட்டுவைக்க வேண்டும். காலையில் அளவு வெகுவாகக் குறைந்திருந்தால், பழுது மின்கலத்தில்தான். குறையாமல் இருந்தால், மின்கலம் நலமாக உள்ளது என்று பொருள். மின்கலத்தின் மேற்பரப்பையும் கவனிக்க வேண்டும். பினாங்கின் ஈரக்காற்றில் அங்குப் படியும் தூசும் அமிலமும் சேர்ந்து, இரு முனைகளுக்கும் இடையே மின்சாரம் மெல்லக் கசிய வழிவிடும்.

இரண்டாவதாக, மின்னேற்றத்தைச் சோதிக்க வேண்டும். இயந்திரம் மிதமான வேகத்தில் ஓடும்போது மின்கல முனைகளில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்க வேண்டும். அளவு 12.6 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால், மின்கலத்திற்கு மின்சாரம் வந்து சேரவில்லை. தளர்ந்த வார்ப்பட்டையோ பழுதான டைனமோவோ இதற்குக் காரணமாகலாம்.

இவ்விரண்டும் சரியாக இருந்தால், மூன்றாவது காரணமான கசிவைத் தேட வேண்டும். இயந்திரத்தையும் எல்லா விசைகளையும் அடைத்துவிட்டு, மின்கலத்தை டிராக்டரின் உடலோடு இணைக்கும் கம்பியைக் கழற்ற வேண்டும். பெரும்பாலும் அது எதிர்முனையில் இருக்கும்; பழைய டிராக்டர்கள் சிலவற்றில் நேர்முனையில் இருக்கும். கழற்றிய கம்பிக்கும் அந்த முனைக்கும் இடையே மல்டிமீட்டரை 10 அம்பியர் அளவில் இணைக்க வேண்டும். அப்போது இயந்திரத்தைக் கிளப்ப முயலக்கூடாது. கிளப்பினால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து கருவி பழுதாகும். நவீன கார்களில் கடிகாரம், கணினி போன்றவை எப்போதும் சிறிதளவு மின்சாரத்தை உண்ணும். பழைய டிராக்டரிலோ அவை இல்லை. ஆகவே, கருவி சுழியத்தையே காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், ஒவ்வொரு மின்சுற்றின் கம்பியையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பியைக் கழற்றும்போது அளவு சுழியமாகிறதோ, அங்கேதான் கசிவு உள்ளது.

சிறு கசிவுதானே என்று அலட்சியமாக இருக்கலாமா? ஒரு கணக்கைப் பார்ப்போம். அணைக்க மறந்த 5 வாட் பின்விளக்கு, 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.42 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 60 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலம், இந்த ஒரு விளக்கால் ஆறே நாளில் தீர்ந்துவிடும். பாதி தீர்ந்தாலே டிராக்டர் கிளம்பத் திணறும்.

பழைய டிராக்டர்களுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. இயந்திரம் நின்றதும் மின்கலத்தையும் டைனமோவையும் துண்டிக்க ‘கட்-அவுட்’ என்னும் தானியங்கி விசை உள்ளது. அதன் தொடுமுனைகள் கருகி ஒட்டிக்கொண்டால், மின்சாரம் டைனமோவிற்குள் திரும்பிப் பாயும்; ஒரே இரவில் மின்கலம் வற்றிவிடும். நெடுநேரம் ஓடாமல் கிடந்த டிராக்டரின் டைனமோ வெதுவெதுப்பாக இருந்தால், இந்த விசையையே முதலில் ஐயுற வேண்டும். எலி கடித்த கம்பியும், உறை வெடித்து உலோகத்தில் உரசும் கம்பியும் கசிவுக்கு வழிவகுக்கும்.

இச்சோதனைகளைப் பெரியவர்களின் துணையோடுதான் செய்ய வேண்டும். மின்னேற்றத்தின்போது மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். ஒரு தீப்பொறியே அதை வெடிக்கச் செய்துவிடும். எனவே, காற்றோட்டமான இடம், கண்ணாடிக் கவசம், கையுறை ஆகியவை தேவை. மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றிவிட வேண்டும்.

காரணத்தைக் கண்டுபிடித்துப் பழுதுபார்த்தால் பணம் மிச்சமாகும். ஈயமும் அமிலமும் அடங்கிய மின்கலங்கள் காலத்திற்கு முன்பே கழிவாவதும் குறையும். ஊகித்து மாற்றாமல் அளந்து அறியும் பழக்கம், டிராக்டருக்கு மட்டுமன்று, நாம் எதிர்கொள்ளும் எல்லாச் சிக்கல்களுக்கும் பொருந்தும்.