கதிர் பாயுமுன் காக்கும் மருந்து

திருப்பூர்க் காதர்பேட்டையிலே, ஏற்றுமதிக்குத் தகாதனவெனக் கழிக்கப்பட்ட பனியன்களைக் குவித்து விற்பதைப் பலர் கண்டிருப்பர். அவற்றுட் சிலவற்றில் ஊசிமுனையளவான துளைகள் காணப்படும். பின்னல் ஊசியின் பழுதால் நேர்ந்தவையும் உள. வெளுக்குந் தொட்டியில் நேர்ந்தவையும் உள.

பின்னவை எங்ஙனம் நேர்கின்றன? பருத்தித் துணியை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு இடுவர். துணியிலேனும் நீரிலேனும் இரும்புத்துரு சிறிது இருப்பின், அவ்விடத்துப் பெராக்சைடு சிதைந்து ஹைட்ராக்சில் என்னுந் துணுக்கைப் பிறப்பிக்கும். துணையிழந்த எலெக்ட்ரானோடு அலையும் இத்தகையவற்றை இரசாயன நூலார் தனி உறுப்புகள் என்பர். அருகிருப்பது எதுவாயினும் அது தாக்கும், பஞ்சிழை அறும்.

எக்ஸ் கதிர் நம் உடலுட் செய்வதும் பெரும்பாலும் இதுவே. உடலிற் பெரும்பகுதி நீரன்றோ? கதிர் அந்நீரைப் பிளக்க, அதே ஹைட்ராக்சில் தோன்றி, உயிரணுவினுள் இருக்கும் டி.என்.ஏ. இழையை அறுக்கின்றது. அதன் ஆயுளோ வினாடியின் நூறு கோடியில் ஒரு கூறு அளவே. ஆதலின் அதனைப் பற்றி அடக்கும் மருந்து, கதிர் வருமுன்னரே அங்கிருத்தல் வேண்டும். இரும்பை அடக்கும் ஸ்டெபிலைசரை முதலிலேயே தொட்டியில் இடும் வெளுப்புப் பட்டறையார்க்கு இது விளங்காததன்று; துளை விழுந்தபின் இட்டுப் பயன் என்னை?

1949-இல் அமெரிக்காவில் ஹார்வி பாட் முதலியோர், கந்தகம் அடங்கிய சிஸ்டீனை எலிகளுக்குக் கதிர்க்கு முன் செலுத்தினர், பல பிழைத்தன. பின்னர்ச் செலுத்தியபோது பயனில்லை. அணுப்போரை அஞ்சிய அந்நாட்டு இராணுவத்தின் வால்ட்டர் ரீட் நிலையத்தார் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்து, அமிபாஸ்டின் என்பதனைச் சிறந்ததாகக் கண்டனர். வாந்தியும் இரத்த அழுத்தத் தாழ்வும் உண்டாக்கும் அது போர்வீரனுக்கு ஏற்றதாகவில்லை, நோயாளிக்கு உதவிற்று. தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை பெறுவோர்க்கு உமிழ்நீர்ச் சுரப்பிகள் வாடி, ஒரு கவளம் சோறும் நீரின்றி இறங்காது. அவ்வறட்சியைத் தணிக்க 1999-இல் அமெரிக்க அரசு இதற்கு இசைவளித்தது. கதிர்க்குச் சற்று முன்னர் நாளத்தின் வழியே செலுத்துவர். இம்மருந்தைச் செயற்படுத்தும் நொதி நல்ல திசுக்களில் மிகுதி, புற்றுக்கட்டியிற் குறைவு. ஆதலின் கட்டி காவல் பெறாதென்பது கருத்து. ஆயினும் மருத்துவரின் ஐயம் முற்றும் நீங்கிற்றில்லை.

நம் நாட்டில், மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியில் உமாதேவி முதலியோர், துளசியிலையின் ஓரியன்டின், விசெனின் என்னும் இரு பொருள்கள் சுண்டெலிகளைக் கதிரினின்று காத்தல் கண்டனர். இது கேட்டுத் துளசிச் சாற்றைக் குடித்துச் சிகிச்சைக்குச் செல்வோர் இருக்கலாம். சுண்டெலி வேறு, நோயாளி வேறு. சுண்டெலிக்குக் காக்கவேண்டாத கட்டி ஒன்று அங்கே இருக்கவில்லை. கனடாவில் கதிர் சிகிச்சையின்போது வைட்டமின் ஈ முதலியன உண்டோரிடத்துக் கதிரின் கடுமை சற்றுக் குறைந்ததாகத் தோன்றினும், நோய் அவ்விடத்தே மீளுதல் மிகுந்து காணப்பட்டதென 2005-இல் வெளியான ஆராய்ச்சி உரைக்கின்றது.