பேரீச்சம் பழமும் மனித உயிரும்

நேயர்களே! கி. பி. 658ஆம் ஆண்டிலே, இராக் நாட்டில் நஹ்ரவான் என்னும் இடத்தையடுத்து, ஆயுதந் தாங்கிய ஒரு கூட்டத்தார் சென்றுகொண்டிருந்தனர். அவர்கள் கள்வரல்லர். இரவெல்லாம் நின்று தொழுபவர்கள். திருக்குர்ஆனை இடைவிடாது ஓதுபவர்கள். வழியில் எதிர்ப்பட்ட ஒருவரையும், கருவுற்றிருந்த அவருடைய துணைவியையும் அவர்கள் சிறைப்பிடித்து வந்தனர். ஒரு பேரீச்ச மரத்தின் கீழ் தானாக உதிர்ந்து கிடந்த பழமொன்றைக் கூட்டத்தில் ஒருவன் எடுத்து வாயிலிட்டான். உரியவரிடம் கேளாமலும் விலை கொடாமலும் உண்ணலாகுமோ என்று மற்றொருவன் கடிந்துகொண்டான். உடனே அவன் அதனை உமிழ்ந்துவிட்டான். இன்னொருவன், முஸ்லிமல்லாத குடியானவர் ஒருவரின் பன்றியை வாளால் வெட்டினான். அதுவும் குற்றமெனத் தோழர்கள் கண்டித்ததும், உடைமையாளரைத் தேடிச் சென்று ஈடு செய்து அவரைச் சமாதானப்படுத்தினான். இவ்வளவும் நிகழ்ந்த பின்னர், அதே கூட்டத்தார் தாம் பிடித்து வந்த மனிதரை நீர்க்கரைக்கு இழுத்துச் சென்று கழுத்தை அறுத்தனர். கருவுற்றிருந்த அப்பெண்ணையும் கொன்றனர்.

கொல்லப்பட்டவர் பெயர் அப்துல்லாஹ். மக்காவிலே இஸ்லாத்தை ஏற்றமைக்காகக் கொடிய சித்திரவதைகளை அனுபவித்த நபித்தோழர் கப்பாப் (ரலி) அவர்களின் புதல்வர். கலீபா அலீ (ரலி) அவர்களைப் பற்றி வினவப்பட்டபோது நல்லவிதமாகக் கூறியதே அவர் செய்த குற்றம். கொன்றவர்கள், வரலாற்றிலே கவாரிஜ்கள் என அழைக்கப்படுவோர். தம்மோடு கருத்து வேறுபட்ட முஸ்லிமையும் இறை நிராகரிப்பாளன் எனத் தீர்ப்பிட்டு, அவன் குருதியைச் சிந்துதல் ஆகுமெனக் கொண்டவர்கள் இவர்கள்.

பழத்துக்குப் பேணுதல் இருந்தது. பன்றிக்கும் பேணுதல் இருந்தது. மனித உயிருக்கு மட்டும் இல்லாது போயிற்று. இஸ்லாம் மார்க்கம் மனித உயிரை எங்கே வைத்திருக்கிறது என்பதை அறிந்தாற்றான், இக்கூட்டத்தார் எவ்வளவு தூரம் வழி தவறினர் என்பது விளங்கும்.

ஆதி பிதா ஆதம் (அலை) அவர்களின் மைந்தர் இருவரிடையே நிகழ்ந்த முதற் கொலையைத் திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்திலே விவரிக்கின்றது. அதனையடுத்தே அந்தப் பெருவிதி கூறப்படுகிறது. கொலைக்கு ஈடாகவோ, பூமியில் விளைத்த குழப்பத்துக்காகவோ அன்றி ஓர் உயிரைக் கொல்பவன், மனித குலம் முழுவதையும் கொன்றவனுக்கு ஒப்பாவான். ஓர் உயிரை வாழச் செய்தவன், மனித குலம் முழுவதையும் வாழச் செய்தவனுக்கு ஒப்பாவான் என்பது அதன் கருத்து. இங்கே விதிவிலக்கும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயின், அவ்விலக்கைத் தன் கையில் எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. குற்றத்தை விசாரித்தல் நீதிபதியின் கடமை. தண்டனையை நிறைவேற்றுதல் அரசின் கடமை. கொலைக் குற்றத்திலுங்கூட, கொல்லப்பட்டவரின் உறவினர் மன்னித்து ஈட்டுத் தொகை பெறுவதற்குக் குர்ஆன் வழி திறந்து வைத்திருக்கின்றது.

உயிருக்கு மார்க்கம் இட்ட மதிப்பை அளந்து காண ஓர் எளிய வழியுண்டு. உயிரைக் காப்பதற்காக எவற்றையெல்லாம் மார்க்கம் விட்டுக் கொடுக்கின்றது என்று பாருங்கள். பன்றியிறைச்சி முஸ்லிமுக்கு விலக்கப்பட்டது. ஆனால், பட்டினியால் உயிர் போகும் நிலையில், வேறு உணவு கிடையாதவன் அதனை உண்டாற் குற்றமில்லை. ஏக இறைவனை நம்புதல் இஸ்லாத்தின் உயிர்நாடி. ஆனால், அம்மார் (ரலி) அவர்கள் மக்கத்து எதிரிகளின் சித்திரவதை தாளாது, நிராகரிப்புச் சொற்களை நாவினாற் சொல்லிவிட்டு, நபி பெருமானார் (ஸல்) அவர்களிடம் கண்ணீரோடு வந்தபோது, உள்ளம் உறுதியாயிருந்தாற் குற்றமில்லை என்றே ஆறுதல் பெற்றார்கள். ஆக, உயிரைக் காக்க விலக்கப்பட்ட உணவும் ஆகும். நாவளவிலே நிராகரிப்பும் மன்னிக்கப்படும். ஆனால், நிரபராதியைக் கொல், இல்லையேல் உன்னைக் கொல்வேன் என ஒருவனை மிரட்டினால் அவன் கொல்லலாமா? ஆகாது என்றே சட்ட அறிஞர்கள் கூறுகின்றனர். அவனுடைய உயிர் மற்றவனுடைய உயிரினும் மேலானதன்று என்பதே அவர்கள் காட்டும் நியாயம். தன் உயிர் போகும் நெருக்கடியிலுங்கூட ஆகாத ஒரு செயல், தலைவனொருவனின் கட்டளைக்காகவோ பழிவாங்குதற்காகவோ எவ்வாறு ஆகும்?

முஸ்லிமின் உயிருக்கு மட்டும் உரியதோ இம்மதிப்பு? ஒரு பிரேதம் எடுத்துச் செல்லப்பட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதர் ஒருவரின் பிரேதம் என்று கூறப்பட்டது. அவரும் ஓர் ஆன்மாவன்றோ என்று அவர்கள் திருப்பி வினவியதாக ஸஹீஹுல் புகாரி என்னும் ஹதீஸ் கிரந்தம் பதிவு செய்துள்ளது. ஒப்பந்தத்தின் கீழ் வாழும் முஸ்லிமல்லாதவரைக் கொன்றவன் சுவர்க்கத்தின் வாசனையையும் நுகரான் என்ற எச்சரிக்கையும் அதே கிரந்தத்திலே காணப்படுகின்றது.

போர்க்களத்திலும் எல்லைகள் உண்டு. போரொன்றிலே பெண்ணொருத்தி கொல்லப்பட்டுக் கிடக்கக் கண்ட பெருமானார் அவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுத்தார்கள். முதலாம் கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள், சிரியாவுக்குப் படை அனுப்பியபோது, தளபதி யஸீதுக்கு அளித்த பத்து அறிவுரைகள் இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவிலே உள்ளன. பெண், குழந்தை, முதியோர் ஆகியோரைக் கொல்லாதிருத்தல், கனி தரும் மரங்களை வெட்டாதிருத்தல், குடியிருப்புகளைப் பாழாக்காதிருத்தல், உணவுக்கன்றி ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்காதிருத்தல் என்பன அவற்றுட் சில. துறவியரை அவர்கள் வழியிலே விட்டுவிடுமாறும் கலீபா அவர்கள் பணித்தார்கள்.

அவ்வாறாயின், கண்ட இடத்திற் கொல்லுமாறு குர்ஆன் கூறவில்லையோ என்று சிலர் கேட்பதுண்டு. கேட்கத்தக்க கேள்வியே அது. ஒன்பதாம் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தையே அவர்கள் கருதுகின்றனர். அவ்வத்தியாயத்தின் தொடக்கம் பேசுவது, முஸ்லிம்களோடு உடன்படிக்கை செய்த இணைவைப்போரைப் பற்றி. உடன்படிக்கையைக் குறைவின்றிக் காத்தவர்களோடு தவணை முடியும்வரை அதனை நிறைவேற்றுமாறு நான்காம் வசனம் பணிக்கின்றது. ஆறாம் வசனமோ, அவ்வெதிரிகளில் ஒருவன் அடைக்கலம் நாடினால் அவனுக்கு அடைக்கலம் அளித்து, அச்சமற்ற இடத்தில் கொண்டு சேர்க்குமாறு கட்டளையிடுகின்றது. முன்னும் பின்னும் உள்ளவற்றை வெட்டியெறிந்து, நடுவிலுள்ள ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வது வேதத்தைப் படிக்கும் முறையாகாது. கவாரிஜ்களும் இதனையே செய்தனர். தீர்ப்பு இறைவனுக்கே உரியது என்ற முழக்கத்தோடு அவர்கள் எழுந்தபோது, சொல் உண்மையானது, நாடப்படும் நோக்கமோ பொய்யானது என்று அலீ (ரலி) அவர்கள் விடையிறுத்தார்கள்.

அவர்களை அலீ (ரலி) அவர்கள் நடத்திய முறையும் சிந்திக்கத்தக்கது. மாறான கருத்துக் கொண்டமைக்காக அவர்கள் மீது கை வைக்கவில்லை. பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுக்க மாட்டோம், நீங்கள் தொடங்காதவரை நாம் போரைத் தொடங்க மாட்டோம் என்று உறுதி கூறினார்கள். அப்துல்லாஹ் கொலையுண்ட பின்னரும், கொலையாளிகளை ஒப்படைக்குமாறே முதலிற் கேட்டார்கள். நாங்கள் அனைவருமே கொலையாளிகள் என்று அவர்கள் மறுமொழி கூறிய பின்னரே போர் மூண்டது. 661ஆம் ஆண்டிலே, றமழான் மாதத்து வைகறையில், கூபா நகரப் பள்ளிவாசலில் கவாரிஜ் ஒருவனின் நஞ்சூட்டிய வாளுக்கு அலீ (ரலி) அவர்களே இலக்கானார்கள். மரணப் படுக்கையிலும், பிடிபட்டவனுக்கு நல்லுணவு அளிக்குமாறு கூறினார்கள். தாம் இறந்தால் ஓருயிருக்கு ஓருயிர் மட்டுமே கொள்ளுமாறும், அவனைச் சிதைக்காதிருக்குமாறும், தம் பெயராற் பிறர் குருதியைச் சிந்தாதிருக்குமாறும் பணித்தார்கள்.

நேயர்களே! கவாரிஜ்களின் மனப்போக்கு அக்காலத்தோடு ஒழிந்துவிடவில்லை. 2014ஆம் ஆண்டிலே, பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் அறிஞர்கள், இராக்கிலும் சிரியாவிலும் கலீபா எனத் தம்மை அறிவித்துக்கொண்ட பக்தாதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், அவ்வியக்கத்தின் செயல்களை மார்க்க ஆதாரங்களைக் கொண்டே மறுத்தனர். நம் இலங்கைத் திருநாட்டிலும், 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களில் வழிபாட்டிலிருந்தோரும், கொழும்பு ஹோட்டல்களிலிருந்தோருமாக 260க்கும் மேற்பட்டோர் தற்கொலைக் குண்டுதாரிகளால் மாண்டனர். அக்குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மாட்டோம் என அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அடுத்த மாதம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் அக்குற்றத்தோடு தொடர்பில்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஒருவன் சுமையை மற்றொருவன் சுமக்க மாட்டான் என்பது குர்ஆன் பலவிடத்தும் வலியுறுத்தும் விதி. தேவாலயத்திலே மண்டியிட்டிருந்தவர் விடயத்திலும், கடையிலே அமர்ந்திருந்தவர் விடயத்திலும் மீறப்பட்டது அவ்விதியே.

வீட்டிலே பிள்ளைகளுக்கு மார்க்கம் போதிக்கும் பெற்றோரும், மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமாரும் ஹலால், ஹராம் எவையெனக் கவனமாகக் கற்பிக்கின்றனர். உண்ணும் பொருளில் பேணுதலும், உடையிற் பேணுதலும் நல்லனவே. அவற்றைக் கற்பிக்கும் அதே நாவினால், மறுமையிலே மனிதரிடையே முதன்முதலிற் தீர்க்கப்படும் வழக்கு, சிந்தப்பட்ட குருதி பற்றியதே என்னும் நபிமொழியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போமாக. பழத்தைப் பேணி உயிரைப் பேணாத பேதைமையிலிருந்து எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக.