ஊறிய கடலை

பெங்களூர் பசவனகுடியில், ஒரே கருங்கல்லில் வடித்த பிரம்மாண்டமான நந்தி வீற்றிருக்கும் கோயிலைச் சுற்றி, கன்னடியர் கணக்குப்படி கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமையன்று கூடும் ‘கடலேகாய் பரிஷெ’ என்னும் நிலக்கடலைச் சந்தையைக் கண்டவர்கள், சாமானியமான ஒரு தின்பண்டத்துக்கு இத்தனை வைபவமா என்று வியக்காமல் திரும்புவதில்லை. விளைந்த கடலையை இரவுதோறும் ஒரு காளை வந்து மேய்ந்ததாகவும், அதனைச் சாந்தப்படுத்தும் பொருட்டே சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் முதல் விளைச்சலைப் பசவன் எனப்படும் இந்த நந்திக்கு நிவேதனம் செய்யத் தலைப்பட்டதாகவும் ஸ்தல வரலாறு கூறும். கோயிலை, பெங்களூரை நிறுவிய கெம்பே கௌடர் 1537இல் எழுப்பினார் என்பது வழக்கு. நிலக்கடலையோ தென் அமெரிக்காவில் தோன்றி, ஐரோப்பியக் கடலோடிகள் வாயிலாக நாடு விட்டு நாடு பரவிய பயிர். இவ்விரண்டையும் பொருத்திக் காட்டும் சங்கடம் சரித்திர ஆசிரியருக்குத்தானே ஒழிய, சேரில் அளந்து வாங்கிய கடலையை உடைத்துக் கொறித்தபடி பிரதட்சிணம் வரும் பக்தருக்கு இல்லை.

சந்தையில் வறுத்ததும் அவித்ததும் தின்று தீர்ந்தபின், வீட்டுக்கு வந்த பச்சைக் கடலையில் ஒரு பிடியை இரவில் தண்ணீரில் போட்டு மூடிவைத்து, காலையில் வடித்து உண்ணும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. வசதியுள்ளவர்கள் பாதாமையும் அக்ரூட்டையும் அவ்வாறே ஊறவைப்பார்கள். அந்த இரவில் கிண்ணத்துக்குள் நடப்பது என்ன என்பதே நம் விசாரம்.

உலர்ந்த வித்து செத்த பொருளன்று. நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை மட்டுமே ஈரம் எஞ்சியிருக்க, மூச்சை ஏறக்குறைய அடக்கிக்கொண்டு உறங்கும் ஜீவன் அது. தண்ணீர் பட்டதும், தோலின் வழியாகவும் காம்பிருந்த வடுவின் அருகிலுள்ள நுண்துளை வழியாகவும் ஈரம் உட்புகுகிறது. உள்ளிருக்கும் புரதம் அதனை ஈர்த்துப் பருக்கிறது. இந்த உறிஞ்சலுக்குள்ள வலிமை அசாதாரணமானது. மண்டையோட்டின் எலும்புகளைப் பொருத்துவாய் சிதையாமல் தனித்தனியே பிரிப்பதற்கு, உடற்கூறு நூலார் அதனுள் உலர்ந்த பயறுகளை நிரப்பித் தண்ணீரில் இட்டுவைப்பதுண்டு. பருக்கும் பயறு, சுத்தியலால் ஆகாத காரியத்தை ஓசையின்றி முடித்துவிடும். ஈரம் சேர்ந்த சிறிது நேரத்துக்குள் வித்தின் சுவாசமும் விறுவிறுப்படைந்து, சேமித்துவைத்த உணவைக் கரைக்கும் என்சைம்களும் தொழிலைத் தொடங்குகின்றன. நிலக்கடலையை இரண்டாகப் பிளந்தால் நுனியில் தென்படும் சிறு மூக்குத்தான் முளை. எட்டு மணி நேரம் ஊறியபின் பிளந்து பார்த்தால், அது சற்றே தடித்து நிமிர்ந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இதனால் உண்பவருக்கு என்ன பிரயோஜனம்? வித்துக்களில் உள்ள பைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு உடலில் சேரவொட்டாமல் தடுக்கும் என்பதும், பயறு இனங்களில் உள்ள ராபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகள் நம் குடலில் ஜீரணமாகாமல் பாக்டீரியாக்களின் கையிற்சிக்கி வாயுவாகும் என்பதும் மெய். பயற்றை ஊறவைத்து நீரைக் கொட்டும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு வெளியேறிவிடுகிறது. நிலக்கடலையும் தாவர சாஸ்திரப்படி பயற்றினமே. பாதாமின் சங்கதி வேறு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2018இலும் 2020இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், ஊறவைத்த பாதாம் வயிற்றுக்கு இதமாகவும் இல்லை, கொட்டைகளில் பைட்டிக் அமிலம் சொல்லத்தக்க அளவு குறையவும் இல்லை. நறுக்கி ஊறவைத்தவற்றில் தாது உப்புகளே குறைந்தன. ஆகவே ஊறிய பாதாமை அமிர்தமெனக் கொண்டாடுவதற்குச் சான்று போதாது என்பது என் அபிப்பிராயம். எனினும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையே லேசாக அழுத்தியதும் பழுப்புத் தோலைக் கழற்றிவிட்டு வெண்பருப்பு துள்ளி விழுவதும், தோலோடு துவர்ப்பு நீங்குவதும், பல் தளர்ந்த பெரியவர்களும் மெல்ல முடிவதும் அற்ப லாபங்கள் அல்ல.

ஊறலால் தீராத குறைகளும் உண்டு. பெண் என்ற காரணத்தால் முதலில் இடம் மறுக்கப்பட்டு, பின்னர் 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்த கமலா சோஹோனி அம்மையார், பிற்காலத்தில் பம்பாயில் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று, புரதம் ஜீரணமாவதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான். பச்சைப் பயறுகளில் உள்ள இந்த வஸ்துவை அடக்குவது பெரும்பாலும் நெருப்பே. ஆதலால் ஊறிய நிலக்கடலையை ஒரு கொதி விட்டு உண்பதே உசிதம். பூஞ்சணம் பிடித்த கடலையில் உண்டாகும் அப்ளாடாக்சின் என்னும் நஞ்சோ தண்ணீருக்கும் மசியாது, சாதாரணச் சமையல் சூட்டுக்கும் முற்றிலும் அழியாது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மடிந்த பிறகே, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் அந்நஞ்சு இருந்தது தெரியவந்தது. சுருங்கியதையும் நிறம் மாறியதையும் ஊறவைக்குமுன்னரே பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

பக்குவத்தில் ஊரின் சீதோஷ்ணமும் சேரும். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் மார்கழிக் குளிரில், மேடைமீது வைத்த கடலை விடியுமட்டும் கெடாது. சென்னையின் சித்திரை இரவில் அதே கிண்ணம் நுரைத்துப் புளித்துவிடும், குளிர்பெட்டியே கதி. முந்திரிக்கு இரண்டு மூன்று மணி போதும், மிஞ்சினால் வழவழக்கும்.

ஊறலின் சுவையை முழுதும் அறிந்த பண்டம் என நான் மதிப்பது கன்னட நாட்டுக் கோசம்பரியையே. ராமநவமியன்று பானகத்தோடும் நீர்மோரோடும் வழங்கும் இதற்குப் பாசிப்பருப்பு ஒரு மணி நேரம் ஊறினால் போதும். நகத்தால் கிள்ளினால் துண்டாக வேண்டும், மாவாகக் கூடாது. நீரை ஒட்ட வடித்து, நறுக்கிய வெள்ளரி, தேங்காய்த் துருவல், எலுமிச்சைச் சாறு சேர்த்து, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டுவார்கள். உப்பை மட்டும் இலையில் பரிமாறும் நேரத்தில்தான் சேர்ப்பது வழக்கம். முந்திச் சேர்த்தால் வெள்ளரி நீர்விட்டுப் பருப்பு சொதசொதத்துப் போகும்.