முதலில் நடை, பிறகு ஓட்டம்

வாகனம் ஓட்டுவது எங்கள் பகுதியில் ஒருபோதும் விளையாட்டாக இருந்ததில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை இயக்கி நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனவர்களை வன்னியில் எல்லோருக்கும் தெரியும். உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டுச் சாமான் முழுவதையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே, உலகத்தின் வேறு மூலையில் சிலர் விடுமுறை நாளில் வெறும் திடலில் கூம்புகளை அடுக்கி, அவற்றைச் சுற்றிக் கார் ஓட்டிப் போட்டி நடத்துகிறார்கள் என்று கேட்டால், "வேலையற்றவர்களின் வேலை" என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் அந்தப் போட்டிக்கு அவர்கள் ஆயத்தமாகும் முறையைப் பார்த்தால், எங்கள் சகோதரிகள் பலருக்கு இன்று தேவையான பாடம் ஒன்று அதற்குள் இருக்கிறது. குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்களோடு வேலை செய்யும்போது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது: "மிஸ், எழுத்துப் பரீட்சை பாஸ். ட்ரயலுக்குப் போகத்தான் கால் நடுங்குது." சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் முச்சக்கரவண்டி ஓட்டலாம், மரக்கறியைச் சந்தைக்குத் தானே கொண்டுபோகலாம், பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் என்றால் யாரையும் கெஞ்சாமல் வைத்தியசாலைக்குப் போகலாம். இவ்வளவும் அந்த ஒரு நடுக்கத்தில் நின்றுவிடுகிறது. பணமும் காலமும் செலவழித்துப் பழகிய பின்னரும் ட்ரயல் நாளில் போகாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்டோகுறொஸ் என்றால் என்ன?

பெயரில் "ஓட்டோ" இருந்தாலும் இது முச்சக்கரவண்டிப் போட்டி அல்ல. பரந்த வாகனத் தரிப்பிடத்திலோ பழைய விமான ஓடுபாதையிலோ இறப்பர் கூம்புகளை வைத்து வளைந்து நெளிந்த பாதை ஒன்றை அமைப்பார்கள். ஒரு தடவையில் ஒரு கார் மட்டும் அந்தப் பாதையில் ஓடும். பக்கத்தில் யாரும் முட்டிக்கொண்டு வரமாட்டார்கள். போட்டி கடிகாரத்தோடுதான். ஒரு ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடம் அளவில் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் 1944இல் தொடங்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஒஃப் அமெரிக்கா என்ற சங்கம் இந்த விளையாட்டுக்கு "சோலோ" என்று பெயர் வைத்து, 1973 முதல் தேசியப் போட்டியும் நடத்தி வருகிறது. அதன் விதிப்படி ஒரு கூம்பை விழுத்தினால் 2 செக்கன் தண்டனை. பாதையை விட்டு விலகி வாயில் ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. அவசரப்பட்டு அரைச் செக்கனை மிச்சம் பிடித்து ஒரு கூம்பை விழுத்தியவர், நிதானமாக ஓடியவருக்குப் பின்னால்தான் நிற்பார்.

இது சாதாரண மக்களின் விளையாட்டு. அன்றாடம் வேலைக்கு ஓட்டிப்போகும் காரையே கொண்டுவருவார்கள். தாய்மார், ஆசிரியைகள், ஓய்வுபெற்றவர்கள் எல்லோரும் வருவார்கள். பெண்களுக்கென்று தனிப் பிரிவுகளும் வைக்கப்பட்டன. தங்கள் முறை இல்லாத நேரத்தில் போட்டியாளர்களே வெயிலில் நின்று, விழுந்த கூம்புகளை ஓடிப்போய் நிமிர்த்தி வைப்பார்கள். வயலில் ஒருவருக்கொருவர் கைமாறாக வேலை செய்வது போல.

பாதையைக் காலால் படித்தல்

இந்த விளையாட்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு போட்டிக்கும் பாதை புதிதாக அமைக்கப்படும். முன்கூட்டி அதில் காரை ஓட்டிப் பார்க்க அனுமதி இல்லை. நடந்து பார்க்க மட்டுமே அனுமதி. ஆகவே விடியற்காலையில் எல்லோரும் அந்தத் திடலில் நடந்துகொண்டிருப்பார்கள்.

அனுபவமுள்ளவர்கள் ஒரு தடவை நடந்துவிட்டு நிற்பதில்லை. முதல் நடையில் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மட்டும் பார்ப்பார்கள். நிமிர்ந்து நிற்கும் கூம்பின் பக்கத்தில் இன்னொரு கூம்பு படுத்திருந்தால், அதன் நுனி காட்டும் கூம்பைத் தங்கள் வாகனத்தின் எந்தப் பக்கம் விட வேண்டும் என்று புரிந்துகொள்வார்கள். இரண்டாவது நடையில் சில்லுகள் போகவேண்டிய கோட்டிலேயே நடப்பார்கள். இடையிடையே குனிந்து, சாரதி ஆசனத்தில் இருக்கும்போது கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து பார்ப்பார்கள். நின்று பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் வளைவு, இருந்து பார்க்கும்போது மறைந்துவிடும். எங்கே பள்ளம், எங்கே மண் சறுக்கும், எங்கே பிறேக் பிடிக்க வேண்டும் என்று இந்த நடையில்தான் முடிவெடுப்பார்கள்.

மூன்றாவது நடை தனியே, பேச்சில்லாமல். அதற்குப் பிறகு ஒரு மூலையில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை மனதுக்குள் ஓட்டுவார்கள். இடையில் எங்கேயாவது மறந்துபோனால் எழும்பிப்போய் அந்த இடத்தை மீண்டும் நடப்பார்கள்.

பயத்தைப் போக்கும் வழி இதில் தெரிகிறது. "பயப்படாதே" என்று சொல்வதால் பயம் போகாது. அடுத்த வளைவு எங்கே என்று தெரியாதபோதுதான் கை நடுங்குகிறது. தெரிந்த பாதையில் அந்த நடுக்கம் குறையும்.

வாகனமும் சாரதியும்

போட்டிக்கு முன் ஒவ்வொரு வாகனமும் பரிசோதிக்கப்படும். காருக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. தண்ணீர்ப் போத்தல், ஜாக்கி, கால் விரிப்பு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவார்கள். ஒரு வெறும் போத்தல் உருண்டு பிறேக் மிதிக்கு அடியில் போனால் போதும், ஆபத்து. பற்றறி இறுக்கமாக இருக்கிறதா, சில்லு நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, பிறேக் ஓயில் அளவு சரியா, ரயரில் வெடிப்பு உண்டா என்று பார்ப்பார்கள். ரயர் காற்றை வாகனம் ஓடிச் சூடேறுவதற்கு முன் அளப்பார்கள். தலைக்கவசமும் ஆசனப்பட்டியும் கட்டாயம்.

பிறகு சாரதியின் இருப்பு. முதுகை ஆசனத்தில் நன்றாகச் சாய்த்துக் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்ரியறிங்கின் மேல் விளிம்பில் தங்க வேண்டும். கிளச்சை முழுவதும் மிதித்த பின்னும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். ஆண்களுக்காகப் பின்னுக்குத் தள்ளிவிடப்பட்ட ஆசனத்தில் நுனியில் இருந்துகொண்டு ஓட்டப் பழகும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டாத கால் எப்படி நிதானமாக மிதிக்கும்? ஆசனத்தை முன்னே இழுத்துத் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. உயரம் போதாவிட்டால் வழுக்காத, அமுங்காத மெத்தை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இறப்பர்ச் செருப்போடு ஓட்ட வேண்டாம். அது மிதியில் சிக்கிக்கொள்ளும். காலோடு பொருந்திய சப்பாத்து நல்லது.

ஓடும்போது இரண்டு பாடங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒன்று, பிறேக் பிடிப்பதை நேரான பாதையில் வைத்துக்கொள், வளைவுக்குள் போன பின் அமுக்காதே. மெதுவாக உள்ளே போனவர்தான் விரைவாக வெளியே வருவார். மற்றது, கடக்கப்போகும் கூம்பைப் பார்க்காதே, அதற்கு அடுத்ததைப் பார். கண் எங்கே போகிறதோ கை அங்கே போகும். கூம்பையே முறைத்துப் பார்த்தால் கார் கூம்பில்தான் போய் ஏறும். சைக்கிள் பழகிய காலத்தில், "கல்லில் ஏறக்கூடாது" என்று கல்லையே பார்த்து அதிலேயே ஏறி விழுந்தது எங்களில் எத்தனை பேர்?

ஓட்டிக் காட்டிய பெண்கள்

சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா சிறுவயதில் கோ-கார்ட் எனப்படும் சிறிய பந்தயக் காரில் தொடங்கி, பின்னர் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு போட்டியிட்டவர். அவருடைய தந்தையும் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட பந்தயத் திடலும் கோயம்புத்தூரில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயும் தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்கு இடம் கொடுத்தவை.

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த மிஷேல் மூட்டோன் காட்டுப் பாதைகளிலும் மலைப் பாதைகளிலும் நடக்கும் றாலிப் போட்டிகளில் ஓடியவர். 1981இல் இத்தாலியின் சான் ரெமோ போட்டியில் வென்றார். 1982இல் மேலும் மூன்று போட்டிகளை வென்றார். அவரும் முதலில் பக்கத்து ஆசனத்தில் இருந்து பாதையை வாசித்துச் சொல்பவராகத்தான் தொடங்கினார். பாதையை முன்கூட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் கொப்பியில் குறித்துக்கொண்டு, ஓடும்போது சாரதிக்கு வாசித்துச் சொல்லும் வேலை அது. அவர் சாரதியான பின் அந்த வேலையைச் செய்தவரும் பப்ரீசியா பொன்ஸ் என்ற பெண்தான். 1982இல் உலகப் பட்டத்தை நெருங்கியிருந்தபோது, ஆபிரிக்காவில் நடந்த போட்டியின் தொடக்கத்தில் தந்தை இறந்துபோன செய்தி வந்தது. தாய் "நீ ஓடு" என்றார். ஓடினார், முன்னணியிலும் நின்றார், ஆனால் கார் விபத்துக்குள்ளானது. பட்டம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு இரண்டாமிடம். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்.

பாதுகாப்பே முதல்

எங்கள் நாட்டிலும் மோட்டார் விளையாட்டு பழையது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. தியத்தலாவையில் 1993 முதல் பொக்ஸ் ஹில் என்ற மண்பாதைப் போட்டி நடந்தது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் மத்தியில் பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் அடக்கம். பல கார்கள் ஒன்றாக வேகமாக ஓடும் அந்தப் போட்டி வேறு, ஒரு கார் தனியே ஓடும் ஓட்டோகுறொஸ் வேறு. என்றாலும் பார்வையாளரை எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எந்தப் போட்டி பார்க்கப் போனாலும் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள். வாகனம் விலகினால் அந்தப் பக்கம்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெறும் நிலம் எல்லாம் பழகும் நிலம் அல்ல. வெடிபொருள் அகற்றப்பட்டது என்று உறுதியான இடத்தில் மட்டுமே பழகுங்கள். 2002 முதல் இலங்கையில் வேலை செய்யும் ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் எங்கள் பெண்கள் பலர் கண்ணிவெடி அகற்றி உழைத்திருக்கிறார்கள். அடையாளக் கோட்டை மதிப்பது எவ்வளவு முக்கியம் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எங்கள் ட்ரயலுக்கு இதை எப்படிப் பயன்படுத்தலாம்?

கார் இல்லாமலே தொடங்கலாம். நாலைந்து பெண்கள் சேருங்கள். பத்து வெறும் போத்தல்களில் மண் நிரப்பி, பாடசாலை மைதானத்தில் அல்லது சனசமூக நிலைய வளவில், அனுமதி கேட்டு, நாலு நாலு அடிச்சுவடு இடைவெளியில் வரிசையாக வையுங்கள். இரண்டு வளைவும் ஓர் எட்டு வடிவமும் சேருங்கள். முதலில் மூன்று தடவை நடவுங்கள். கண்ணை மூடி ஒருவருக்கொருவர் பாதையைச் சொல்லுங்கள். பிறகு சைக்கிளில் மெதுவாக ஓடுங்கள். விழுந்த போத்தல் ஒன்றுக்கு 2 செக்கன் கூட்டுங்கள். போத்தல் விழாத ஓட்டம் வந்த பிறகு மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள்.

வாகனத்தில் பழகுவது பழகுநர் அனுமதியோடும் பயிற்றுநரோடும்தான். லேனர்ஸ் பாடசாலையில் உங்கள் முறை வருவதற்கு முன் சும்மா மர நிழலில் இருக்காமல், வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்தும் இடத்தை நடந்து பாருங்கள். எந்தத் தடி கண்ணாடியில் தெரிந்ததும் ஸ்ரியறிங்கைத் திருப்ப வேண்டும் என்று பயிற்றுநரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். ட்ரயல் நாளன்று நேரத்தோடு போய், மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்து, அந்த இடத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். ஒரு தடவை சரிவராவிட்டால் எந்த இடத்தில் பிழைத்தது என்று அன்றிரவே குறித்து வையுங்கள். அடுத்த தடவைக்கு அந்த இடத்தை மட்டும் பழகினால் போதும்.

"இந்த வயதில் எனக்கு விளையாட்டா?" என்று சிலர் கேட்பார்கள். பிள்ளைகளுக்காக ஓடினோம், உயிர் தப்ப ஓடினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போத்தல்களைச் சுற்றி ஓடி, விழுத்திச் சிரித்து, மறுபடி நிமிர்த்தி வைப்பதற்கும் எங்களுக்கு உரிமை உண்டு. அப்படிப் பழகிய கையோடு ட்ரயலுக்குப் போங்கள், சகோதரிகளே.