ஷுப்ருமும் கள்ளிப் பாலும்

பேதிக்கு எதனை உட்கொள்கிறீர் என நபி (ஸல்) அவர்கள் வினவ, அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் ஷுப்ரும் என விடையளித்ததாக திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. (அதன் அறிவிப்பாளர் தொடர் விமர்சனத்திற்கு உட்பட்டதே.) அண்ணலார் அதன் கடுஞ்சூட்டைச் சுட்டி, ஸனாவாகிய நிலாவாகையைச் சிறப்பித்தார்கள். ஷுப்ருமை ‘ஒரு மூலிகை’ என்று பொதுப்பட மொழிபெயர்த்தால் இந்த எச்சரிக்கையின் பொருளே மறைந்துவிடும்.

ஷுப்ரும் கள்ளி இனத்தது. கிள்ளினால் பால் வடிந்து, தோலைப் புண்ணாக்கி, உட்கொண்டால் பேதியாக்கும் செடிகளை அரபு மருத்துவர்கள் ‘யத்தூஆத்’ என ஒரு தொகுதியாக்கினர். ஷுப்ரும் நான்காம் படி உஷ்ணமுடையது என்றும், அதன் ஆபத்தினால் மருத்துவர்கள் அதைத் தவிர்க்கச் சொன்னார்கள் என்றும் இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) விளக்குகிறார்.

இன்றைய தாவரவியல் பூ, கனி, மரபணு ஆகியவற்றைக் கொண்டு வகுக்கிறது. ஆமணக்குக் குடும்பத்தில் ஏறத்தாழ 300 பேரினங்கள், 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள். கள்ளிப் பேரினத்தில் மட்டும் சுமார் 2,000. ரப்பரும் மரவள்ளியும் இக்குடும்பத்தவையே. பெரும்பாலானவை வெப்ப மண்டலத்தவை. முன்பு இதில் சேர்க்கப்பட்டிருந்த நெல்லியும் கீழாநெல்லியும் மரபணு ஆய்வுக்குப் பின் வேறு குடும்பமாயின. அவற்றில் பால் இல்லை; யத்தூஆத் என்னும் பழைய பகுப்பிலும் அவற்றுக்கு இடமிராது!

மொராக்கோவின் அட்லஸ் மலைச்சரிவில் வளரும் ஒரு கள்ளியின் உறைந்த பாலே இப்னு சீனா குறிப்பிடும் ஃபர்பியூன். அதிலிருந்து 1975-இல் பிரித்தெடுக்கப்பட்ட ரெசினிஃபெராடாக்ஸின், எரிச்சலை உணரும் நரம்புகளை முதலில் தூண்டிப் பின்னர் செயலிழக்கச் செய்வதால், தீராத வலிக்கு மருந்தாகுமா என ஆராயப்படுகிறது. வேறொரு கள்ளியின் பாலில் கிடைத்த இன்ஜெனால் மெபுடேட் 2012-இல் அமெரிக்காவில் தோல் மருந்தாக அனுமதி பெற்றது. தோல் புற்றுநோய் அச்சத்தால் 2020-இல் ஐரோப்பாவில் திரும்பப் பெறப்பட்டது.