மூலம் என்று ஓடிவிடும் மாதங்கள்

துத்திக்கீரையும் களிம்பும்

மலத்தோடு ரத்தம் போனால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு ‘உடம்புச் சூடு’. அடுத்தது, ‘மூலமாக இருக்கும்’. கருணைக்கிழங்கு மசியல், துத்திக்கீரை, மெடிக்கல் ஷாப் களிம்பு, மின்சார ரயில் பெட்டியில் ஒட்டியிருக்கும் ‘மூலம், பவுத்திரம்’ நோட்டீஸ் என்று மாதங்கள் ஓடிவிடும். பெரும்பாலும் அது மூலமாகவே இருந்துவிடுவதுதான் சிக்கல். நாலு நாளில் ரத்தம் நின்றால் கீரை கேட்டுவிட்டதாகத் தோன்றும். குடலில் வளரும் கட்டியும் விட்டுவிட்டுத்தான் கசியும். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இயங்குகிறது. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. மயிலாப்பூர்க்காரரோ தி.நகர்க்காரரோ தாமதத்துக்குத் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது. ரத்தத்துக்கு நாமே வைத்துவிடும் பெயர்தான் மாதங்களைத் தின்கிறது.

நாலு வாரத்தின் விலை

குடல் சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சதை வளர்ச்சி புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு ஆகும் என்கிறார்கள். அப்படியானால் இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்கலாம். அந்தப் பத்தாண்டு, புற்றாவதற்கு முந்தைய கணக்கு. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, கட்டி குடலைத் தாண்டாத நிலையில் பிடிபட்டால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு கடக்கிறார்கள். கல்லீரல், நுரையீரலுக்குப் போய்விட்டால் பத்தில் இரண்டு பேர்கூடத் தேறுவதில்லை. கண்டுபிடித்த பிறகும் நாள் ஓடத்தான் செய்கிறது. ஆடி போகட்டும், பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்பார்கள். 2020ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 34 ஆய்வுகளையும் சுமார் 12.7 லட்சம் நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. பெருங்குடல் அறுவை சிகிச்சை நாலு வாரம் தள்ளினால் இறப்பு அபாயம் 6 சதவீதமும், அறுவைக்குப் பிந்தைய கீமோ தள்ளினால் 13 சதவீதமும் கூடுகிறது. நூறில் ஆறு பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் அபாயம் அந்த அளவுக்கு ஏறுகிறது.

சீக்கிரம் வந்தவர்களும் இறக்கிறார்களே என்பது இன்னொரு வாதம். உண்மைதான். மூர்க்கமான கட்டி வலியும் அடைப்புமாய் ஆளை அவசரப் பிரிவுக்கே இழுத்து வந்துவிடும். சிகிச்சை உடனே தொடங்கினாலும் பலன் குறைவு. அவர்களையும் சேர்த்து எண்ணும்போது தாமதம் தீங்கற்றதுபோல் தெரியும். டென்மார்க் ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பார்த்தபோது, நாள் நீள நீள இறப்பும் ஏறியதைக் கண்டார்கள்.

எல்லோருக்கும் கொலனோஸ்கோப்பியா?

வேண்டியதில்லை. மேலைநாடுகளைவிட இங்கே பெருங்குடல் புற்றுநோய் குறைவு. நம் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்திலும் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுதான். ஆனால் ரத்தம் கண்டவருக்கு முதல் படி மலிவானது: ஹீமோகுளோபின் அளவு, மலத்தில் மறைந்த ரத்தத்தைத் தேடும் பரிசோதனை, கையுறை போட்ட விரலால் ஆசனவாய்க்குள் தொட்டுப் பார்ப்பது. இதில் சந்தேகம் தட்டினாலோ, எல்லாம் சரியாக இருந்தும் ரத்தம் நிற்காவிட்டாலோதான் கேமராக் குழாயைக் குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி. வயதை வைத்தும் ஆறுதல் கொள்ள முடியாது. இந்தியாவில் ஐம்பதுக்கு உட்பட்டவர்களுக்கும் இது கணிசமாக வருகிறது. ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ரத்தசோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரை மட்டும் எழுதுவது பாதி வைத்தியம். ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டி பலருக்கு விரலிலேயே தட்டுப்படும். ஒரு நிமிஷ வேலை. ‘இன்னிக்கு வேண்டாம் டாக்டர், அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று நோயாளி கூசுவார். டாக்டரும் வற்புறுத்தாமல் மூல மாத்திரையை எழுதிவிடுவார்.