மழைக்கும் பனிக்கும் நடுவே ஒரு கோடு

2017 மார்ச் 13, திங்கட்கிழமை. மறுநாள் வரப்போகும் பனிப்புயலுக்காக நியூயார்க் நகரம் முடங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை பனி குவியலாம் என்று அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை எச்சரித்திருந்தது. அன்று பிற்பகல் கணினி மாதிரிகள் வேறு கணக்குச் சொல்லத் தொடங்கின: புயல் கரையை ஒட்டியே வரும், நகரத்தில் பனி வெகுவாகக் குறையும்.

புயல் பக்கத்தில் வந்தால் பனி எப்படிக் குறையும்? குளிர்காலக் கடைசியில், கனடாவிலிருந்து இறங்கும் கடுங்குளிர்க் காற்றும் வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பான காற்றும் மோதும் இடத்தில் பிறப்பவை இப்புயல்கள். கரையில் வடகிழக்குக் காற்று வீசுவதால் ‘நார்ஈஸ்டர்’ என்பார்கள். மையம் கடலில் மிகவும் விலகிப் போனால் பனி கடலிலேயே கொட்டிவிடும். கரையை மிகவும் நெருங்கினாலோ கடலின் வெதுவெதுப்பும் கூடவே உள்ளே வந்துவிடும்.

அந்த வெப்பம் தரையில் தெரியாது. தெருவில் எல்லாம் உறைந்து கிடக்க, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் காற்று பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலே இருந்தாலே போதும். பனித்துகள் அங்கே உருகி, கீழே வருவதற்குள் மறுபடி உறைந்து சிறு பரலாக விழும். பஞ்சாக விழுந்தால் ஏறக்குறைய 10 அங்குலம் குவியக்கூடிய அதே நீர், பரலாக விழும்போது இரண்டு மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும். மழைக்கும் பனிக்கும் இடையிலான அந்தக் கோடு நகரத்தின் எந்தப் பக்கம் விழும் என்பதுதான் முன்கணிப்பாளரின் தீராத தலைவலி.

அன்று வானிலைச் சேவையின் அலுவலகங்கள் கலந்து பேசி, எச்சரிக்கையை அப்படியே வைத்திருக்க முடிவெடுத்தன. கடைசி நேரத்தில் எண்ணைக் குறைத்தால் ஆபத்து நீங்கிவிட்டதாக மக்கள் நினைத்துவிடுவார்கள் என்ற பயம். மறுநாள் சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 7.6 அங்குலம். உள்நாட்டில் பிங்ஹாம்டனில் ஏறக்குறைய மூன்று அடி!

அந்தப் பயம் நேர்மையானது. முடிவு சரியல்ல என்பது என் எண்ணம். தொடக்க அளவுகளைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டுவதே, விடை எவ்வளவு விரிகிறது என்று பார்க்கத்தான். அந்த விரிவைச் சொல்லியிருக்கலாம். குறைந்த பனியும் கொல்லும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். ஈரப்பனியின் கனத்தில் கிளைகள் முறிந்து மின்கம்பிகள் அறும். அதை அள்ளிக் கொட்டும்போது மாரடைப்பில் சாய்கிறவர்கள் உண்டு. புகைக்குழாய் பனியில் அடைபட்டிருக்க, காருக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பவர்களைக் கார்பன் மோனாக்சைடு ஓசையில்லாமல் கொன்றுவிடும்.

கடலின் ஆபத்து வேறு இருக்கிறது. 1962 மார்ச் தொடக்கத்தில் ஒரு நார்ஈஸ்டர் கரைக்கு அப்பால் நகராமல் நின்றது. அமாவாசைப் பெருக்கு வேறு. தொடர்ந்து ஐந்து கடலேற்றங்களில் நீர் ஏறியது. ஒவ்வொரு முறையும் முந்தைய நீர் வடிவதற்குள் அடுத்தது வந்தது. நியூ ஜெர்சி முதல் வட கரோலினா வரை கடற்கரை வீடுகள் மணலோடு போயின. சுமார் 40 பேர் இறந்தார்கள்.